கோத்தகிரியில் 14 பேர் உள்ள அரசு அலுவலகம்: கார்பன் குறைப்புத் திட்டம் கேட்கிறார்கள், படிவத்தில் ஹீட்டருக்கு இடமே இல்லை

கோத்தகிரிக்காரி எழுதியது:

வணக்கம். கோத்தகிரியில் ஒரு சின்ன அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். துறை பெயர் வேண்டாமே, ஊர் சின்னது, யாரென்று உடனே தெரிந்துவிடும். மொத்தம் 14 பேர், ஒரு ஜீப், வெள்ளைக்காரன் காலத்துக் கல் கட்டடம், தகரக் கூரை. போன வாரம் மேலிடத்திலிருந்து ஒரு எக்செல் படிவம் வந்தது. அலுவலகத்தின் கார்பன் உமிழ்வு இப்போது எவ்வளவு, அடுத்த 3 ஆண்டுகளில் எப்படிக் குறைக்கப் போகிறீர்கள், திட்டமாக எழுதி இரண்டு வாரத்தில் அனுப்பவும் என்று. சூப்பிரண்டு சார் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு "நீதானம்மா சயின்ஸ் படிச்சது" என்று என் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் படித்தது விலங்கியல்.

படிவத்தின் முதல் கேள்வி, ஏசி எத்தனை. இரண்டாவது, அவை 24 டிகிரியில் வைக்கப்பட்டுள்ளனவா. மூன்றாவது, மின்விசிறிகள் எத்தனை. எங்களிடம் ஏசி கிடையாது. ஃபேன் ஒன்று இருக்கிறது, டேபிள் ஃபேன், மழைக்காலத்தில் ஈரம் ஏறிய ஃபைல்களை உலர்த்துவதற்கு. ஹீட்டர் என்ற சொல் படிவத்தில் எங்கேயும் இல்லை. இப்போது ஜனவரி, காலையில் விரல் விறைத்துப் போய் கீபோர்டில் அடிக்க முடியவில்லை, எங்கள் ஆபீஸில் 3 ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, கையில் உள்ளதைத் திரட்டினேன். ஈ.பி. கார்டில் இருந்து கடந்த 6 பில்: ஏப்ரல்-மே 680 யூனிட், ஜூன்-ஜூலை 1,020, ஆகஸ்ட்-செப்டம்பர் 940, அக்டோபர்-நவம்பர் 1,150, டிசம்பர்-ஜனவரி (போன குளிர்) 1,880, பிப்ரவரி-மார்ச் 1,210. ஜீப் லாக் புக்கின்படி ஆண்டுக்கு 1,450 லிட்டர் டீசல். ஜெனரேட்டருக்கு 120 லிட்டர். டீ போட வாங்கும் 19 கிலோ சிலிண்டர் 6. ஏ4 பேப்பர் 110 கட்டு.

என் கேள்விகள் மூன்று. இதையெல்லாம் கார்பனாக எப்படி மாற்றுவது? எங்கள் டைப்பிஸ்ட் அக்கா சொல்கிறார், நீலகிரி கரண்ட் எல்லாம் பைக்காரா, குந்தா தண்ணீர் கரண்ட், அதற்குப் புகையே கிடையாது, பூஜ்யம் என்று போடு என்று. அது சரியா? மூன்றாவது, பணம் ஒதுக்க மாட்டார்கள் என்று தெரிந்த ஓர் ஆபீஸ் நேர்மையாக என்ன திட்டம் எழுத முடியும்? மரம் நடுவோம், காகிதம் குறைப்போம் என்று இரண்டு வரி எழுதி அனுப்பிவிடலாம்தான். கொஞ்சம் உருப்படியாகச் செய்து பார்க்கலாமே என்று தோன்றியது.

பழைய_லைன்மேன் எழுதியது:

அம்மா, முதலில் பாராட்டு. 6 பில்லையும் எடுத்து வைத்தீர்களே, அதிலேயே பாதி வேலை முடிந்தது. நான் 34 வருஷம் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவன், குன்னூர்.

டைப்பிஸ்ட் அக்கா சொல்வதை நானும் பல வருஷம் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன்தான். பைக்காரா 1932-லேயே கரண்ட் கொடுத்தது. குந்தா திட்டம் அப்புறம் கனடா உதவியோடு வந்தது, அவலாஞ்சி, கெத்தை, பரளி என்று ஒன்றன்கீழ் ஒன்றாகப் பவர் ஹவுஸ், ஒரே தண்ணீர் திரும்பத் திரும்ப உழைக்கும். ஆனால் பைக்காராவின் பவர் ஹவுஸ் இருக்கும் சிங்காராவில் உற்பத்தியாகும் கரண்ட் தனிக் கம்பி போட்டு உங்கள் ஆபீஸுக்கு வருவதில்லை. எல்லாம் கிரிட்டில், அதாவது நாடு முழுக்க இணைந்த மின்கம்பி வலையில், போய்க் கலக்கிறது. அதே கிரிட்டில்தான் நெய்வேலியும் தூத்துக்குடியும் மேட்டூர் அனலும் இருக்கின்றன. அணையில் இருக்கும் தண்ணீர் அளவானது, அதைச் சாயங்காலம் தேவை ஏறும் நேரத்துக்கென்று பார்த்துப் பார்த்துத் திறப்பார்கள். நீங்கள் மலையில் இருந்துகொண்டு ஒரு யூனிட் மிச்சப்படுத்தினால் எங்கேயோ ஓர் அனல் நிலையத்தில்தான் கரி மிச்சமாகும். அதனால் பூஜ்யம் போடக் கூடாது. மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் இதற்கென்றே கணக்கு வெளியிடுகிறது, இந்திய கிரிட்டுக்கு ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடை ஒட்டி வரும். அதையே போடுங்கள்.

உங்கள் 6 பில்லின் கூட்டல் 6,880 யூனிட், அதாவது 4.8 டன். டீசல் லிட்டருக்கு 2.68 கிலோ, ஜீப் 3.9 டன், ஜெனரேட்டர் 0.3 டன். கேஸ் கிலோவுக்கு 3 கிலோ என்று வையுங்கள், 6 சிலிண்டருக்கு 0.3 டன் சொச்சம். மொத்தம் 9.4 டன். காகிதம் 110 கட்டு என்றால் 240 கிலோ எடை, கிலோவுக்கு ஒரு கிலோ கார்பன் என்று தாராளமாக வைத்தாலும் கால் டன்னைத் தாண்டாது. மேலிடத்தில் எல்லோருக்கும் பிடித்த தலைப்பு காகிதம்தான், உங்கள் கணக்கில் அது கடைசி.

இப்போது பில்லை இன்னொரு தடவை பாருங்கள். ஏப்ரல்-மே மாதம் ஹீட்டர் போட மாட்டீர்கள், அந்த 680 தான் உங்கள் அடிப்படைச் செலவு: கம்ப்யூட்டர், லைட், இத்யாதி. மற்ற 5 பில்லிலும் 680-க்கு மேலே போனதை எல்லாம் கூட்டினால் 2,800 யூனிட். மழைக்காலத்தில் மூடுபனி இறங்கி மத்தியானம் 2 மணிக்கே லைட் போடுவது அதில் கொஞ்சம் இருக்கும், மீதி முழுக்க ஹீட்டர். டிசம்பர்-ஜனவரி பில்லில் மட்டும் 1,200 யூனிட் கூடுதல். வேலை நாள் 42 என்றால் நாளுக்கு 28 யூனிட், 2,000 வாட்ஸ் ஹீட்டர் மூன்றும் நாலரை மணி நேரத்துக்கு மேல் ஓடினால் வருகிற கணக்கு. சரியாகத்தான் இருக்கிறது, இல்லையா?

இன்னொன்று. அந்தக் கட்டடத்து வயரிங் எந்தக் காலத்தது? ஒரு ஹீட்டர் 9 ஆம்பியர் இழுக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இரண்டைச் செருகி, பிளக் மஞ்சளாகி உருகி நின்றதை நான் எத்தனையோ ஆபீஸில் பார்த்திருக்கிறேன். கார்பன் அப்புறம், முதலில் அதைப் பாருங்கள்.

பச்சைமலை எழுதியது:

ரொம்ப யோசிக்க வேண்டாம் மேடம். ஆபீஸ் பின்னாடி புல்வெளி இருந்தால் 200 மரக்கன்று நட்டு, போட்டோவோடு அனுப்புங்கள். கார்பன் நியூட்ரல் ஆயிடும். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஹட்டிக்காரன் எழுதியது:

பச்சைமலை அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆனால் இந்த மலையில் புல்வெளியைப் பார்த்து "சும்மா கிடக்குது, மரம் நடு" என்று சொன்னதில்தான் எல்லாப் பாடும் தொடங்கியது. வெள்ளைக்காரன் காலத்தில் ஆரம்பித்து சுதந்திரத்துக்கு அப்புறமும் சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நட்டு நட்டு, எங்கள் தாத்தா எருமை மேய்த்த இடமெல்லாம் இன்று வெளிச்சம் விழாத சீகைக் காடு. இப்போது அதே அரசு, அந்நிய மரங்களை அகற்று என்று கோர்ட் சொல்லி, பணம் செலவழித்துப் பிடுங்கிக்கொண்டிருக்கிறது. மலைப் புல்வெளி தன் கார்பனை வேரிலும் மண்ணிலும் வைத்திருக்கிறது, போட்டோவில் தெரியாது, அவ்வளவுதான். சோலையும் (மலைப் பள்ளத்தில் இருக்கும் இயற்கைக் காடு) புல்லும் சேர்ந்துதான் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது.

நட வேண்டுமென்றால் ஏற்கெனவே சோலை இருந்து அழிந்த பள்ளத்தில், வனத்துறை நர்சரியில் சோலை மரக் கன்று வாங்கி, ஐந்தாறு வருஷம் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் நடலாம். அது நல்ல காரியம், தனிக் காரியம். 9.4 டன்னில் கழிக்கிற கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள் அக்கா. ஹீட்டர் இந்த ஜனவரி எரிகிறது, கன்று பெரிதாக 20 வருஷம் ஆகும்.

கொடை_குளிர் எழுதியது:

நான் கொடைக்கானல். உங்கள் கேள்வியைப் படித்ததும் எங்கள் ஆபீஸ் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். நான்கு வருஷம் முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் இதே ஹீட்டர் பிரச்சினைக்கு ஒரு யோசனை எழுதினேன். ஹாட் அண்ட் கோல்ட் ஏசி என்று ஒன்று இருக்கிறது, வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தையே உறிஞ்சி உள்ளே தள்ளுவது, ஒரு யூனிட் கரண்டுக்கு இரண்டரை மூன்று யூனிட் வெப்பம் தரும். காயில் ஹீட்டர் ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட்தான், அதற்கு மேல் தர முடியாது. கணக்கெல்லாம் போட்டு, மூன்று கொட்டேஷன் வாங்கி அனுப்பினேன். ஃபைல் திரும்பி வந்தது. ஓரத்தில் ஒரே வரி: "கொடைக்கானலில் ஏசி எதற்கு?" அதற்கு நான் இரண்டு பக்கம் விளக்கம் எழுதினேன். மறுபடி திரும்பி வந்தது, இந்த முறை ஏசி என்ற சொல்லின் கீழே மட்டும் சிவப்புக் கோடு. அதோடு விட்டேன். நீங்கள் எழுதுவதாக இருந்தால் ஏசி என்று எழுதாதீர்கள், "வெப்ப பம்ப்" என்று எழுதுங்கள். பெயரைப் பார்த்துத்தான் கையெழுத்து.

ஆனால் அதைவிட முக்கியமானது, அதை வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியது. 15 அடி உயரத்துக்கு சீலிங், கதவுக்கு அடியில் விரல் நுழையும் இடைவெளி, ஜன்னல் சட்டம் சுருங்கிக் காற்று விசில் அடிக்கும். அப்படிப்பட்ட அறையில் எந்த ஹீட்டர் வைத்தாலும் தகரக் கூரையைத்தான் குளிர் காய வைக்கிறோம். நாங்கள் பிறகு சில்லறைச் செலவில் செய்தது: ஜன்னல் சட்டத்துக்கு ஒட்டுகிற ரப்பர் பீடிங், கதவுக்கு அடியில் பழைய போர்வையைச் சுருட்டித் தைத்த மூட்டை, கெட்டித் திரைச்சீலை. அப்புறம் மேஜைக்கு அடியில் கால் வைக்கிற ஹீட்டர் மேட், ஒன்று 100 வாட்ஸ் அளவில்தான் வரும். ஒன்பது பேருக்கு ஒன்பது மேட் என்றாலும் 900 வாட்ஸ், ஒரு பெரிய ஹீட்டரில் பாதிகூட இல்லை. கால் சூடாக இருந்தால் உடம்பு பொறுத்துக்கொள்ளும், மேலே ஸ்வெட்டர் இருக்கவே இருக்கிறது.

ஒரு தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே மாட்டுங்கள், இன்னொன்று வெளியே. கல் கட்டடத்தில் ஒரு வேடிக்கை பார்ப்பீர்கள். சொல்ல மாட்டேன், நீங்களே பாருங்கள்.

இன்னொரு விஷயத்தில் நீங்கள் கொடுத்து வைத்தவர்கள். உங்களுக்கு மாவட்டத் தலைமை இடம் மலை மேலேயே இருக்கிறது. எங்களுக்குக் கூட்டம் என்றால் திண்டுக்கல் போக வேண்டும், போக வர 200 கிலோமீட்டரை ஒட்டி. மலைப் பாதையில் ஜீப் லிட்டருக்கு 10 கொடுத்தால் 20 லிட்டர், 54 கிலோ கார்பன். அங்கே போய் "எல்லாம் சரியா?" "சரி சார்", டீ, பிஸ்கட், முடிந்தது. 54 கிலோ என்பது 77 யூனிட் கரண்டுக்குச் சமம். எங்கள் ஆபீஸ் முழுக்க ஒரு வாரம் ஓடும்.

மேட்டுப்பாளையம்_ரோடு எழுதியது:

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. சீசனில் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் வண்டி மேலே வருகிறது, 2024 மே மாதத்தில் இருந்து ஹைகோர்ட்டே இ-பாஸ் போட்டுத்தான் விட வேண்டியிருக்கிறது. பர்லியாறில் இருந்து குன்னூர் வரை பம்பர் பம்பராக நின்று புகை விடுகிறான். அதற்கு நடுவில் கோத்தகிரி ஆபீஸ்காரர் குளிரில் நடுங்கி 2 டன் மிச்சம் பிடித்து என்ன ஆகப் போகிறது? யானைப் பசிக்குச் சோளப்பொரி.

பழைய_லைன்மேன் எழுதியது:

தம்பி, நியாயமான எரிச்சல்தான். ஆனால் அந்த அம்மா கேட்டது சீசன் டிராஃபிக்கை எப்படிக் குறைப்பது என்று இல்லை, அவர் கையில் இருப்பது ஒரு மீட்டரும் ஒரு லாக் புக்கும். மீட்டரில் மிச்சமானால் பில்லும் குறையும், அது உங்களுடைய என்னுடைய வரிப்பணம். நடுங்கச் சொல்லவும் இல்லை. கொடைக்காரர் சொன்ன மேட் வைத்தால் இப்போதைவிட அவருக்குக் கதகதப்பாகவே இருக்கும். இப்போது அந்த ஹீட்டர் யாருக்கு எரிகிறது என்று கேட்டுப் பாருங்களேன்.

அம்மா, லைட் பற்றிச் சொல்ல விட்டுப் போயிற்று. இன்னும் பழைய 40 வாட்ஸ் டியூப், செம்புச் சோக் மாட்டியது இருக்கிறதா? சோக்கும் சேர்த்து 50 வாட்ஸ் தின்னும். 20 வாட்ஸ் எல்இடி அதே வெளிச்சம் தரும்.

கோத்தகிரிக்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. லைன்மேன் ஐயா, எண்ணிப் பார்த்தேன், பழைய டியூப் 16 இருக்கிறது. நாளுக்கு 8 மணி நேரம், வருஷத்துக்கு 264 நாள் என்று போட்டால் மாற்றினாலே ஆயிரம் யூனிட் மிச்சம் வருகிறது, என்னால் நம்பவே முடியவில்லை. அதில் இரண்டு டியூப் ரிக்கார்டு ரூமில் யாரும் இல்லாமலே எரிகின்றன, ஸ்விட்ச் கதவுக்குப் பின்னால் இருப்பதால் யாருக்கும் அணைக்கத் தோன்றுவதில்லை.

ஹீட்டர் யாருக்கு எரிகிறது என்று கேட்டீர்கள். மூன்றில் ஒன்று அதிகாரி அறையில். அவர் பாதி நாள் கேம்ப், ஹீட்டர் மட்டும் ஆபீஸுக்குத் தவறாமல் வரும். காலை 9.30-க்கே டபேதார் போட்டுவிடுவார், ஐயா வரும்போது அறை சூடாக இருக்க வேண்டும் என்று. மற்ற இரண்டும் செக்‌ஷனில் 9 பேருக்கு. ஒருவருக்கு 2,000 வாட்ஸ், ஒன்பது பேருக்கு 4,000. இதைப் படிவத்தில் எப்படி எழுதுவது என்றுதான் யோசிக்கிறேன்.

கொடை அண்ணா, தெர்மாமீட்டர் இரண்டு வாங்கி மாட்டிவிட்டேன். காலை 10 மணிக்கு உள்ளே 11 டிகிரி. பகல் 12-க்கு வெளியே 18, உள்ளே 13! வெளியே வெயில் காய்ந்துகொண்டிருக்கிறது, நாங்கள் எல்லா ஜன்னலையும் இறுக்கிச் சாத்தி, உள்ளே ஹீட்டர் போட்டு உட்கார்ந்திருக்கிறோம். இத்தனை வருஷமாக மதியம் டீக்கு வெளியே போனவர்கள் திரும்பி வர அரை மணி நேரம் ஆவதை சூப்பிரண்டு சார் சோம்பேறித்தனம் என்று திட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் வெயில் காய்ந்திருக்கிறார்கள்.

கொடை_குளிர் எழுதியது:

அதேதான்! கல் சுவர் இரவுக் குளிரைப் பிடித்து வைத்துக்கொண்டு பகலில் விடாது. அதனால் வெயில் நாளில் 11 மணிக்குத் தெற்குப் பக்க ஜன்னலைத் திறந்துவிடுங்கள், மூன்றரைக்கு முன்னால் மூடிவிடுங்கள். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும், அந்தப் பக்க அறைக்குத்தான் வெயில் விழும். முடிந்தால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எல்லோரும் தெற்கு அறைக்கு மாறி உட்காருங்கள், வடக்குப் பக்கத்தை ஃபைலுக்கு விடுங்கள். ஃபைலுக்குக் குளிராது.

கோத்தகிரிக்காரி எழுதியது:

தெற்குப் பக்கத்து அறைதான் அதிகாரி அறை 🙂

ஸ்டியரிங் எழுதியது:

நான் டிரைவர், அரசு வண்டிதான், ஊட்டி. கார்பன் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது, டீசல் தெரியும். அக்கா, உங்கள் 1,450 லிட்டரில் கூட்டத்துக்கு எவ்வளவு, ஃபீல்டுக்கு எவ்வளவு என்று லாக் புக்கில் பிரித்துப் பார்த்தீர்களா? கோத்தகிரியில் இருந்து ஊட்டி போக வர 60 கிலோமீட்டர், 6 லிட்டர். மாதம் 4 கூட்டம் என்றால் வருஷத்துக்கு 288 லிட்டர் அதிலேயே போகிறது. அதில் பாதியை வீடியோவில் நடத்தச் சொல்லுங்கள். இல்லை என்றால் பக்கத்து ஆபீஸ்காரரும் அதே திங்கட்கிழமை அதே ஊட்டிக்குத்தான் தனி வண்டியில் போகிறார், ஒரே வண்டியில் போங்கள். இதைச் சொன்னால் "யார் லாக் புக்கில் எழுதுவது" என்று கேட்பார்கள். ஒரு தடவை எழுதினால் வழி பிறக்கும்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். எங்கள் ஆட்களிலேயே பலர், டீசல் மிச்சம் என்று நினைத்து இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறார்கள். தயவுசெய்து உங்கள் டிரைவரிடம் சொல்லுங்கள், அது உயிருக்கு ஆபத்து. கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவு, கீழே எத்தனை வண்டி கிடந்ததைப் பார்த்திருக்கிறேன், பாதிக்கு மேல் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போனவை. இன்னொன்று, மிச்சமும் ஆகாது. இப்போது வரும் என்ஜின்களில் கியரில் வைத்து ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் டீசல் வருவதே நின்றுவிடும், சக்கரம்தான் என்ஜினைச் சுற்றும். நியூட்ரல் போட்டால் என்ஜின் அணையாமல் இருக்க டீசல் குடித்துக்கொண்டே இருக்கும். இரண்டாம் கியரில் இறங்குவதுதான் சிக்கனமும்.

உங்கள் ஜீப் எந்த வருஷத்து மாடல்?

கோத்தகிரிக்காரி எழுதியது:

2012.

ஸ்டியரிங் எழுதியது:

அப்போ உங்கள் திட்டத்தில் பெரிய ஐட்டமே அதுதான். 2023 ஏப்ரல் 1-இல் இருந்து 15 வருஷம் தாண்டிய அரசு வண்டிக்குப் பதிவு கிடையாது. 2027-இல் உங்கள் ஜீப் தானாகவே கழியும், அது உங்கள் 3 வருஷத்துக்குள் வருகிறது. நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் வேறு வண்டி வரும், என்ன வண்டி என்பதை மட்டும் இப்போதே எழுதி வையுங்கள்.

மின்சார வண்டி மலை ஏறாது என்று பயமுறுத்துவார்கள். என் மச்சான் கோவையில் மின்சார டாக்ஸி ஓட்டுகிறான், வாரத்துக்கு இரண்டு முறை கோத்தகிரி வருகிறான். ஏறும்போது சார்ஜ் மளமளவென்று இறங்குவது உண்மைதான், இறங்கும்போது பிரேக் பிடிக்கிற சக்தியே பேட்டரிக்குத் திரும்புகிறது. அவன் சொன்ன ஒரு சூட்சுமம்: மேலே வைத்து 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டு இறங்கக் கூடாது. பேட்டரி நிறைந்திருந்தால் திரும்புகிற கரண்டை வாங்க இடம் இருக்காது, பிரேக்குக்கும் அந்த உதவி கிடைக்காது. 80-இல் நிறுத்திவிட்டு இறங்க வேண்டும். ஆனால் எஸ்டேட் மண் ரோடு, மழைக்காலச் சேறு என்று போகிற துறையாக இருந்தால் யோசித்து எழுதுங்கள். தாழ்வான காரைக் கொடுத்துவிட்டால் அடி தட்டிக்கொண்டு நிற்பது நாங்கள்தான், கையெழுத்துப் போட்டவர் இல்லை.

பழைய_லைன்மேன் எழுதியது:

டிரைவர் தம்பி சொன்னது முழுக்கச் சரி, கணக்கு மட்டும் சேர்க்கிறேன். கோத்தகிரி 1,800 மீட்டரை ஒட்டி, மேட்டுப்பாளையம் 325. 1,600 கிலோ வண்டி அவ்வளவு உயரம் ஏற, ரோட்டில் ஓடுகிற செலவு தனி, உயரத்துக்கு மட்டுமே 6 யூனிட்டுக்கு மேல் ஆகும். டீசல் வண்டி அதைக் கீழே வரும்போது பிரேக் ஷூவில் தேய்த்து வீணாக்குகிறது. இதில் பாதி திரும்பக் கிடைத்தாலும் லாபம்தான். உங்கள் ஜீப் வருஷத்துக்கு 14,500 கிலோமீட்டர் ஓடுகிறது, மின்சார வண்டிக்கு மலையில் கிலோமீட்டருக்கு 0.18 யூனிட் என்று கொஞ்சம் கூட்டியே வைத்தால் 2,600 யூனிட், 1.8 டன். இப்போது 3.9. பூஜ்யம் ஆகிவிட்டது என்று எழுதாதீர்கள், பாதிக்குக் கீழே வரும் என்று எழுதுங்கள்.

சோலார் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். குளிரில் பேனல் நன்றாகவே வேலை செய்யும், சூடு ஏற ஏறத்தான் அதன் திறன் குறையும். உங்களுக்கு ஹீட்டர் தேவைப்படும் ஜனவரி, பிப்ரவரி பகலில் வானமும் தெளிவு. ஆனால் கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை பலமாகப் பிடிக்கும், அக்டோபர், நவம்பரில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். கூரைத் தகரமும் அதன் அடிச்சட்டமும் தாங்குமா என்று பொதுப்பணித்துறை பார்த்துச் சொல்ல வேண்டும். பக்கத்தில் கற்பூர மரம் நிழல் விழுந்தால் அதுவும் போயிற்று, மலைப் பகுதியில் 1955 சட்டப்படி அனுமதி இல்லாமல் மரத்தில் கை வைக்க முடியாது. அதனால் மூன்றாம் ஆண்டு வரியில் "ஆய்வு செய்யப்படும்" என்று எழுதினால் போதும். பொய்யும் இல்லை.

கோத்தகிரிக்காரி எழுதியது:

படிவம் அனுப்பியாயிற்று. என்ன எழுதினேன் என்று சொல்கிறேன், வேறு மலை ஆபீஸ்காரர்களுக்கு உதவலாம்.

தற்போதைய உமிழ்வு 9.4 டன். முதல் ஆண்டு: 16 டியூப் மாற்றுவது, ஜன்னல் ரப்பர், கதவு மூட்டை, 9 கால் மேட், செக்‌ஷன் ஹீட்டர் இரண்டில் ஒன்றை எடுத்துவிடுவது. ஹீட்டர் செலவு 2,800-இல் இருந்து 1,200 யூனிட்டுக்கு வரும் என்று எழுதியிருக்கிறேன். லைட்டும் சேர்த்தால் 1.8 டன் குறையும். ஊட்டிக் கூட்டங்களில் பாதி வீடியோவில், 0.4 டன். ஜெனரேட்டருக்குப் பதில் இன்வெர்ட்டர் கேட்டிருக்கிறேன், ஆனால் போன மழையில் லைனில் மரம் விழுந்து இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் இருந்தோம், அதனால் ஜெனரேட்டரை விற்கிறோம் என்று எழுதவில்லை. 2027-இல் ஜீப்புக்குப் பதிலாக, தரையில் இருந்து உயரமான மின்சார வண்டி. "தரையில் இருந்து உயரமான" என்பதற்கு அடிக்கோடு போட்டிருக்கிறேன், ஸ்டியரிங் அண்ணாவுக்காக. மரம் நடுதல் வரியில் "இல்லை".

அதிகாரி அறை விஷயத்தை எழுத்தில் வைக்கவில்லை. தெர்மாமீட்டரை மட்டும் அவர் அறை வாசலில் மாட்டினேன், பக்கத்தில் ஒரு சீட்டில் தினமும் 10 மணி, 12 மணி அளவை எழுதி வந்தேன். நான்காம் நாள் அவரே வெளியே வந்து பார்த்துவிட்டு, டபேதாரிடம் "12 மணிக்கு மேல என் ரூம் ஜன்னலைத் திறந்து வை, ஹீட்டரை ஆஃப் பண்ணு" என்றார். தெற்கு அறையை மட்டும் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தால் இன்று ஒரு மின்னஞ்சல். ஏசி எத்தனை என்ற கட்டத்தில் 0 போட்டிருந்தேன். 24 டிகிரியில் வைக்கப்பட்டுள்ளதா என்ற கட்டத்தில் ஆம், இல்லை இரண்டில் ஒன்றைத்தான் எக்செல் ஏற்கும், அதனால் "இல்லை" என்று போட்டேன். இப்போது "தங்கள் அலுவலகத்தில் 24 டிகிரி பராமரிக்கப்படாததற்கான விளக்கத்தை மூன்று நாட்களுக்குள் அனுப்பவும்" என்று கேட்டிருக்கிறார்கள். என்ன எழுத?

பழைய_லைன்மேன் எழுதியது:

காலை 10 மணிக்கு 11 டிகிரி பராமரிக்கப்படுகிறது என்று எழுதி, அந்தச் சீட்டையும் இணைத்து அனுப்புங்கள் அம்மா.